வீர விருதுப் படியும் ஓய்வூதியமும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் வீடு இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் இராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். வீரச் செயலுக்காக விருது பெற்ற படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் இப்பகுதியிலிருந்து எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

என் கணவர் 1971 போரில் வீர் சக்ரா பெற்றவர். ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு காலமாகிவிட்டார். எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆனால் அவருக்கு மாதாமாதம் தனியாக வந்துகொண்டிருந்த விருதுப் பணம் நின்றுவிட்டது. கேட்டால், "அது அவருக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்தது" என்கிறார்கள். உண்மைதானா?
– வாசகி, கண்ணமங்கலம்

உண்மையில்லை, அம்மா. வீர விருது பெற்றவருக்கு மத்திய அரசு மாதந்தோறும் வழங்கும் படி, அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்பதே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆணை. மனைவிக்கு வேறு வருமானம் இருக்கிறதா, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்களா, சொந்த வீடு உண்டா என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. யாரோ ஒருவர் விதியைப் பார்க்காமல் சொன்ன பதிலை நம்பி நீங்கள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2017 ஆகஸ்ட் 1 முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌரிய சக்ராவுக்கு 6,000, வீரச் செயலுக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அதற்கு முன்பு இத்தொகைகள் ஒவ்வொன்றும் இதில் பாதியாக இருந்தன. சிப்பாயாக இருந்தாலும் கர்னலாக இருந்தாலும் ஒரே விருதுக்கு ஒரே தொகைதான். அதே விருதை இரண்டாம் முறை பெற்றவருக்குப் பதக்கத்தின் நாடாவில் ஒரு பட்டை சேர்க்கப்படும். அந்தப் பட்டைக்கும் அதே அளவு படி உண்டு. ஓய்வூதியத்தோடு அகவிலை நிவாரணம் சேர்வதுபோல இந்தப் படியோடு எதுவும் சேர்வதில்லை. அரசு மறுபடி ஆணையிடும் வரை தொகை அப்படியே நிற்கும் என்பதால், விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. குறிப்பாகச் சேனா பதக்கத்துக்கான 2,000 ரூபாய் அந்தச் செயலுக்கு ஈடானதல்ல என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்குப் படி நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் தாள்களில்தான் இருக்கும். குடும்ப ஓய்வூதியமும் விருதுப் படியும் ஒரே வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தாலும், அவை இரண்டு தனித்தனி உரிமைகள். முன்பு வங்கிகள் வழியாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் ஸ்பர்ஷ் எனப்படும் இணைய முறைக்கு மாற்றப்பட்டபோது, பழைய ஓய்வூதிய ஆணையில் விருதைப் பற்றி இருந்த வரி புதிய பதிவுக்கு வராமல் விடுபட்டிருக்கலாம். கணவரின் பெயரில் இருந்த படி, மனைவியின் பெயருக்கு மாற்றப்படாமலே நின்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் உங்களுடைய இப்போதைய ஓய்வூதிய ஆணையை, அதாவது பி.பி.ஓ.வை, ஸ்பர்ஷிலிருந்து எடுத்து அதில் விருதுப் படி தனி இனமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணையம் கைவராவிட்டால் பொதுச் சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். அதில் இல்லையென்றால், விருது அறிவிக்கப்பட்ட அரசிதழின் எண்ணும் தேதியும், கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய பி.பி.ஓ., இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார் ஆகியவற்றின் நகல்களும் இணைத்து, அவருடைய படைப்பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டாக இருந்தால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படை என்றால் பெங்களூரில். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோட்டில். அவர்கள் சரிபார்த்துப் பரிந்துரைத்த பிறகுதான் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் திருத்திய ஆணை வெளியிடும். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இந்த விண்ணப்பத்தை எழுதவும் அனுப்பி வைக்கவும் உதவி கேட்கலாம். உதவுவது அவர்களுடைய கடமைகளில் ஒன்று.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் படையில் சேர்ந்தபோது அவருடைய ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆக, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு மாவட்டம், குடும்ப அட்டையில் ஒரு மாவட்டம், ஆதாரில் இன்னொன்று என்று மூன்று முகவரிகள் ஒரே வீட்டுக்கு இருக்கின்றன. இதோடு, படையில் பதிந்த மனைவி பெயர் ஊரில் கூப்பிடும் பெயராகவும், ஆதாரில் உள்ளது முழுப் பெயராகவும் இருந்துவிட்டால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. வட்டாட்சியர் சான்றும், நோட்டரி முன்னிலையில் எடுத்த உறுதிமொழிப் பத்திரமும் விண்ணப்பத்தோடு முதலிலேயே வைத்துவிட்டால், கடிதம் திரும்பி வந்து மீண்டும் போகும் காலம் மிச்சமாகும்.

நின்றுபோன மாதங்களுக்கான பாக்கியையும் சேர்த்தே கேளுங்கள். அலுவலகங்களில் தீராமல் போனால், சென்னையில் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மாதந்தோறும் தொடரும் ஓய்வூதிய இழப்புக்குத் தாமதமாக வழக்குத் தொடுத்தாலும் உரிமை போய்விடாது, ஆனால் பாக்கி பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் கூறியது. எனவே இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

கூடவே, உங்கள் பிறந்த தேதி பி.பி.ஓ.வில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100 வயதில் 100 விழுக்காடு. மனைவியின் பிறந்த தேதி பதிவாகாத காரணத்தால் மட்டுமே இந்த உயர்வு கிடைக்காமல் இருக்கும் மூதாட்டிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

1999 கார்கில் போரில் காலில் குண்டு பாய்ந்து, ஒன்பது ஆண்டுப் பணியோடு மருத்துவக் காரணத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். ஊனம் 40 விழுக்காடு என்று மருத்துவக் குழு எழுதியது. வீரச் செயலுக்கான சேனா பதக்கமும் பெற்றேன். 15 ஆண்டுகள் முடிக்காததால் முழு ஓய்வூதியம் இல்லை என்று சொல்லி, ஊனமுற்றோர் ஓய்வூதியம் மட்டும் தருகிறார்கள். இது சரியா?
– வாசகர், குடியாத்தம்

நீங்கள் எழுதியுள்ள விவரங்கள் அப்படியே தாள்களிலும் இருந்தால், இது சரியில்லை. உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். இதில் மூன்று செய்திகள் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன.

முதலாவது, 15 ஆண்டு என்ற கணக்கு. அதிகாரி அல்லாத வீரர் சாதாரணமாகப் பணி முடித்து ஓய்வூதியம் பெறுவதற்குத்தான் 15 ஆண்டுகள் தேவை, அதிகாரிகளுக்கு 20. பகைவருடன் நடந்த சண்டையில் காயமுற்று, அதன் காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு இந்தக் குறைந்தபட்சக் காலம் பொருந்தாது. அவர் ஓராண்டு பணியாற்றியிருந்தாலும் போர்க்காய ஓய்வூதியத்துக்கு உரியவர்.

இரண்டாவது, ஊன ஓய்வூதியம் வேறு, போர்க்காய ஓய்வூதியம் வேறு. இரண்டிலும் பணிப் பகுதி என்று ஒன்றும், ஊனப் பகுதி என்று ஒன்றும் சேர்ந்தே வரும். நூறு விழுக்காடு ஊனத்துக்குச் சாதாரண ஊன ஓய்வூதியத்தில் ஊனப் பகுதி, கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. காயத்தின் காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் போர்க்காய ஓய்வூதியத்தில் அது 100 விழுக்காடு. பயிற்சியில் விழுந்து கால் முறிந்தவருக்கும் எதிரியின் குண்டால் கால் போனவருக்கும் இடையே அரசு வைத்திருக்கும் வேறுபாடு இதுதான். மேலும், மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவருக்கு 50-க்குக் குறைவான ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் இருந்தால் 100 என்றும் கணக்கிட வேண்டும். எனவே உங்கள் 40 விழுக்காடு, ஓய்வூதியக் கணக்கில் 50 ஆகிறது.

எண்களில் பார்க்கலாம். கணக்கில் கொள்ளத்தக்க ஊதியம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணிப் பகுதி அதில் பாதி, 15,000. சாதாரண ஊன ஓய்வூதியமாக இருந்தால் ஊனப் பகுதியாக 4,500 சேரும். போர்க்காய ஓய்வூதியமாக இருந்தால் 15,000 சேரும். மாதம் 10,500 ரூபாய் வித்தியாசம், அதற்குரிய அகவிலை நிவாரணம் தனி. நீங்கள் திரும்பிய நாளிலிருந்து கணக்கிட்டால் இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே புரியும்.

ஆகவே உங்கள் பி.பி.ஓ.வில் எந்த வகை ஓய்வூதியம் என்று எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மையம். நீங்கள் காயமுற்ற நாளில் உங்கள் படைப்பிரிவு அனுப்பிய அறிக்கையில் அது போர்க்காயம் என்று பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலை ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் சொந்தப் பணி ஆவணங்களைக் கேட்கலாம். மருத்துவக் குழுவின் முடிவறிக்கையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பதக்கம் அளித்தபோது வாசிக்கப்பட்ட பாராட்டுரையில் அன்றைய சண்டையும் காயமும் சொல்லப்பட்டிருக்குமானால், அதைவிட வலுவான துணைச் சான்று வேறில்லை; அதையும் இணையுங்கள்.

மூன்றாவது, உங்கள் சேனா பதக்கப் படி. அது ஓய்வூதியத்தைச் சார்ந்ததல்ல. ஓய்வூதியம் முழுதாக வந்தாலும், பகுதியாக வந்தாலும், வரவே இல்லையென்றாலும் மாதம் 2,000 ரூபாய் உங்களுக்கு உரியது. கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. வரவில்லையென்றால் அதையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் இருந்தவர். அப்பா 1965, 1971 இரண்டு போரிலும் இருந்தவர். இருவரும் இப்போது இல்லை. பெட்டியில் ஒன்பது பதக்கங்கள் இருக்கின்றன. இவற்றுக்கு அரசு ஏதேனும் பணம் தருமா? எதை எடுத்துக்கொண்டு எங்கே போவது?
– வாசகர், ஒடுகத்தூர்

பதக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்துவிட்டே எழுதுகிறேன். தாத்தாவுடையவை பர்மா ஸ்டார், 1939–45 ஸ்டார், போர்ப் பதக்கம். அப்பாவுடையவை சமர் சேவா ஸ்டார், ரக்ஷா பதக்கம், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம், சுதந்திர 25-ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கம், நீண்ட பணிக்கான பதக்கம். இவை அனைத்தும் குறிப்பிட்ட போரிலோ, குறிப்பிட்ட முனையிலோ, குறிப்பிட்ட காலத்திலோ பணியாற்றியவர்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்டவை. தனியொருவரின் வீரச் செயலுக்காக, அரசிதழில் பெயர் அறிவித்து வழங்கப்பட்டவை அல்ல. ஆகவே இவற்றுக்கு மாதப் படி கிடையாது. பேரப்பிள்ளைகளுக்கு உரிமை செல்லும் வகை எதுவும் மத்திய அரசின் படி விதிகளில் இல்லை.

சேனா பதக்கம் வைத்திருக்கும் வீடுகளிலும் ஒரு குழப்பம் உண்டு. அப்பதக்கம் வீரச் செயலுக்காகவும் தரப்படுகிறது, சிறந்த பணிக்காகவும் தரப்படுகிறது. முதல் வகைக்கு மட்டுமே படி உண்டு. எது என்பதைப் பதக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முயலாமல், அரசிதழ் அறிவிப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். போர் அறிக்கைகளில் பெயர் குறிப்பிடப்படும் சிறப்புக்கும் (மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்) மாதப் படி இல்லை.

உங்கள் பாட்டியோ அம்மாவோ உயிருடன் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால் நிலைமை வேறு. இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கைம்பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவி வழங்குகிறது. பாட்டி இருந்தால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லையென்றால், முதலில் அதற்குரிய காரணத்தை அறிய வேண்டும். ஹவில்தார் தகுதி வரை பணியாற்றி, எந்த ஓய்வூதியமும் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்ட முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும் மத்திய சைனிக் வாரியம் வறுமைக்கால உதவி வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 நவம்பர் 1 முதல் 8,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

பதக்கங்களை விற்றுவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. அதில் ஒருவருடைய பெயரும் இல்லை. உங்கள் தாத்தாவின் பதக்கங்களோடு அவருடைய பெயரும் பணி எண்ணும் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அதை விலைக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் மகன் காஷ்மீரில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்தான். திருமணம் ஆகவில்லை. பிறகு அவனுக்குச் சௌரிய சக்ரா அறிவித்தார்கள். நாங்கள் இருவரும் விவசாயக் கூலிகள். எங்களுக்கு உரியவை எவை என்று யாரும் முழுதாகச் சொல்லவில்லை. விருது கிடைத்ததால் ஓய்வூதியம் கூடுமா?
– பெற்றோர், அணைக்கட்டு

உங்கள் இழப்புக்கு எந்தத் தொகையும் ஈடாகாது என்பதை அறிந்தே, உங்களுக்கு உரியவற்றை எழுதுகிறேன்.

விருதால் ஓய்வூதிய விகிதம் கூடுவதில்லை. ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பது மரணம் நிகழ்ந்த சூழ்நிலை. படியைத் தீர்மானிப்பது விருது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. படைப்பணியின் காரணமாக நேர்ந்த மரணத்துக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 விழுக்காடு. பகைவருடனோ தீவிரவாதிகளுடனோ நடந்த மோதலில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம், அதாவது கடைசி ஊதியம் முழுவதும். திருமணமாகாத வீரராக இருந்தால், அந்தத் தாராள ஓய்வூதியத்தில் 75 விழுக்காடு பெற்றோர் இருவரும் இருக்கும் வரையும், ஒருவர் மட்டும் இருந்தால் 60 விழுக்காடும் வழங்க வேண்டும். இதில் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. கூலி வேலைக்குப் போகிறீர்கள், நிலம் இருக்கிறது என்றெல்லாம் யாரும் குறைக்க முடியாது.

இது தவிர, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில் இறந்தவரின் குடும்பத்துக்கு மத்திய அரசின் கருணைத் தொகை 35 லட்சம் ரூபாய். பணியின்போது நேரும் விபத்து மரணத்துக்கு அது 25 லட்சம். போரில் பகைவர் தாக்குதலால் நேரும் மரணத்துக்கு 45 லட்சம். இராணுவக் குழுக் காப்பீட்டுத் தொகை தனியாக, மகன் யாரை நியமித்திருந்தாரோ அவருக்குச் செல்லும். தமிழ்நாடு அரசின் உதவி வேறு வழியில் வரும்.

சௌரிய சக்ராவுக்கான மாதப் படி 6,000 ரூபாய். மறைவுக்குப் பின் விருது பெற்றவர் திருமணமாகாதவராக இருந்தால் படி தந்தைக்கோ தாய்க்கோ வழங்கப்படும். ஓய்வூதிய விண்ணப்பம் முடிந்த பிறகு விருது அறிவிக்கப்பட்டிருப்பதால், இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். 2020 ஜூனில் கல்வான் மோதலில் உயிர்நீத்த இராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது 2021 குடியரசு நாளில்தான். இழப்பு ஒரு நாளில் வருகிறது, விருது மாதங்கள் கழித்து வருகிறது. இடையில் குடும்பம் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் விருதுக்கு இடம் இருந்திருக்காது.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். மகனின் மரணம் போர் இழப்பு என்று வகைப்படுத்தப்பட்ட சான்றின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைப் பொறுத்தவரை, விருதைக் காட்டிலும் அந்த ஒரு தாள் பெரியது. அது இல்லையென்றால் படைப்பிரிவின் கட்டளை அதிகாரிக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

என் கணவர் கீர்த்தி சக்ரா பெற்று மறைந்தார். எனக்கு இருபத்தெட்டு வயது. என் பெற்றோர் மறுமணம் செய்து வைக்க விரும்புகிறார்கள். மறுமணம் செய்தால் விருதுப் படி போய்விடும் என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, ஆம்பூர்

போகாது, அம்மா. முன்பு, மறைந்தவருடைய சகோதரரை மணந்தால் மட்டும் படி தொடரும், வேறு ஒருவரை மணந்தால் நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. ஓர் இளம்பெண் யாரை மணக்க வேண்டும் என்பதை மாதப் படியைக் கொண்டு கட்டுப்படுத்திய அந்த விதி நியாயமற்றது. அது நீண்ட காலம் நீடித்ததை நினைத்தால் மனம் கசக்கிறது. 2017 நவம்பரில் அரசு அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. மறுமணம் செய்துகொண்டாலும், யாரைச் செய்துகொண்டாலும், உங்கள் வாழ்நாள் முழுவதும் படி உங்களுக்கே. குடும்ப ஓய்வூதியத்துக்கு மட்டும் மறுமணம் குறித்த விதிகள் தனியாக உள்ளன. குழந்தை இருக்கிறதா, எந்த வகை ஓய்வூதியம் என்பதைப் பொறுத்து அவை மாறும். உங்கள் பி.பி.ஓ. நகலை அனுப்பினால் அதைப் பார்த்து எழுதுகிறேன்.

விருது பெற்றவர்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் மொத்தமாகப் பணம் தருவதாகக் கேள்விப்படுகிறோம். என் அண்ணன் சொந்த ஊர் வாலாஜாபேட்டை. இப்போது பெங்களூரில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். அவர் எங்கே கேட்பது?
– வாசகர், வாலாஜாபேட்டை

மாநில அரசுகள் தரும் ஒரே தவணைத் தொகையும் ஆண்டுத் தொகையும் மத்திய அரசின் மாதப் படியோடு சேராதவை. ஒன்றைப் பெற்றதால் மற்றது குறையாது. தமிழகத்தைச் சேர்ந்தவராகப் படையில் பதிவானவர் தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டும். சேரும்போது எழுதிய சொந்த ஊர் முகவரிதான் இங்கே அடிப்படை என்பதால், பெங்களூர் வீட்டு முகவரியோடு விண்ணப்பம் கொடுத்துக் குழப்பிக்கொள்ளாமல், அண்ணனுடைய பெயர் எந்த முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்திருக்கிறதோ அங்கே அரசிதழ் நகலோடு செல்வது நல்லது. தொகை மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகிறது. ஒரே பதுங்குகுழியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று போரிட்டு ஒரே விருது பெற்ற இருவருக்கு, பிறந்த மாநிலம் வேறு என்பதால் கிடைப்பது பல மடங்கு வேறுபடுவதை எந்த அரசும் சரி என்று சொல்ல முடியாது. இதைத் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும்.

நான் வீரச் செயலுக்கான சேனா பதக்கம் பெற்ற ஓய்வு பெற்ற சுபேதார். ஓய்வூதியத்தில் வருமான வரி பிடிக்கிறார்கள். படிக்கு மட்டும்தான் விலக்கு என்கிறார் எனக்குக் கணக்குப் பார்ப்பவர்.
– வாசகர், காட்பாடி

படிக்கு மட்டும் அல்ல, உங்கள் ஓய்வூதியம் முழுவதற்கும் விலக்கு உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் 18-ஆம் உட்பிரிவு, பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா பெற்ற அரசுப் பணியாளரின் ஓய்வூதியத்துக்கும், அரசு அறிவிக்கும் பிற வீர விருதுகளைப் பெற்றவரின் ஓய்வூதியத்துக்கும் விலக்களிக்கிறது. அவருடைய குடும்பத்தார் பெறும் குடும்ப ஓய்வூதியமும் அதில் அடங்கும். அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா, வீரச் செயலுக்கான சேனா பதக்கம் ஆகியவை அவ்வாறு அறிவிக்கப்பட்டவை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இந்த விலக்கு பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவுகளின் எண்கள் மாறுகின்றன. கணக்கு எழுதுபவரிடம் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் ஓய்வுக்குப் பின் தனியார் ஆலையில் பாதுகாவலராகப் பெறும் சம்பளத்துக்கும், வைப்புத்தொகை வட்டிக்கும், வீட்டு வாடகைக்கும் இந்த விலக்கு கிடையாது. அவற்றை மறைக்காமல் காட்டுங்கள். ஓய்வூதியத்தை விலக்குப் பெற்ற வருமானமாகத் தனி இடத்தில் காட்டி வரி அறிக்கை தாக்கல் செய்தால், பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். இனிமேல் பிடிக்காமலிருக்க, விருதின் அரசிதழ் நகலை இணைத்து ஸ்பர்ஷ் வழியாகக் கோரிக்கை பதிவு செய்யுங்கள். பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுதும்போது அந்த எண்ணையும், வரி பிடித்ததைக் காட்டும் படிவம் 16-இன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.